வலது காலின் அளவு

புந்தோங், ஈப்போ
11 மே 2024

மாதா துணை.

அன்பு மருமகள் பமேலாவுக்கு உன் தாய்மாமன் ஸ்டானிஸ்லாஸ் எழுதுவது. நான் இங்கே கல்லு மாதிரி இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளை ராட்னியும் அந்தச் சரவாக் ஆற்றங்கரையில் கொசு, முதலை, தலைமை ஆசிரியர் என்று யாராலும் கடிபடாமல் இருக்கிறீர்களா?

உன் கடிதம் வந்தது. டிசம்பர் 28 கல்யாணம் என்று படித்ததும் தபால்காரரையே கட்டிப்பிடித்துவிட்டேன். பாவம், மனிதர் பயந்துபோனார். நீ சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்து டெலிபோன் கோபுரம் இன்னும் பழுது, வெள்ளிக்கிழமைப் படகில்தான் தபால் என்று வருத்தப்பட்டிருந்தாய். எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன் நான். ஆறாவதில் இரண்டு வருடம் இருந்தேன், ஆகவே ஏழு என்றே வைத்துக்கொள்ளலாம்.

விருந்தில் மணப்பெண் அப்பாவோடு ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு, ராட்னி வீட்டார் ஆசைப்படுகிறார்கள், அப்பா இல்லாத இடத்தில் நீங்கள் ஆடுவீர்களா மாமா என்று கேட்டிருந்தாய். இதையெல்லாம் கேட்க வேண்டுமா? பதினைந்து வயதில் துரைமார் கிளப்பில் எல்லா ஆட்டத்தையும் கரைத்துக் குடித்தவனாச்சே நான். வால்ட்ஸ், பாக்ஸ்டிராட், சாச்சா எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு தடவை துரை மனைவியே என்னை ஆடக் கூப்பிட்டார். அங்கே நான் கிளாஸ் கழுவினேன் என்று உன் அம்மா சொல்வாள். கழுவினேன்தான். கை கழுவியது, கண் எங்கே இருந்தது?

இருந்தாலும் தீட்டி வைப்பது நல்லது என்று ஒரு வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். பழைய பட்டணத்தில் ஒரு கடையின் மாடி. செவ்வாயும் சனியும் மாலை ஆறு மணிக்கு. சொல்லிக்கொடுப்பவர் மிஸஸ் லியோங், எழுபத்திரண்டு வயது, முதுகு இரும்புக் குழாய் மாதிரி நேராக இருக்கும். பெண்கள் பதினெட்டு பேர், ஆண்கள் எட்டு பேர். என் மார்க்கெட்டை நீயே யோசித்துக்கொள். மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்த அம்மா கையைத் தட்டி ஜோடி மாற்றச் சொல்வார். உடனே என் பக்கம், தோட்டத்தில் காலைப் பெரட்டுக்குப் பேர் கொடுக்க நிற்பது போல வரிசை நிற்கும்.

முதல் நாளே வால்ட்ஸ் பிடித்துவிட்டேன். "அங்கிள், நீ எங்க கத்துக்கிட்டே லா?" என்று மிஸஸ் லியோங் வாயைப் பிளந்தார். "பால்மரத்துக்கிட்ட" என்றேன். உண்மைதானே! ரப்பர் மரம் சீவுகிறவன் உளியைப் பட்டையில் வைத்து இழுத்துக்கொண்டே, ஒரு கால் பின்னால், ஒரு கால் பக்கத்தில் என்று மரத்தைச் சுற்றி வருவான். பெண்ணை மரம் என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். மரம் நகரக் கூடாது, நான்தான் சுற்ற வேண்டும். "அங்கிள், மரமும் நகரணும்" என்று அந்த அம்மா சொன்னார். அது சின்ன விஷயம், பழகிக்கொள்வேன்.

ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடி. ராட்னியிடம் என் ஆட்டத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லி வை, மனிதர் அதிர்ச்சி அடையக் கூடாது.

உன் மாமன்,
ஸ்டானிஸ்லாஸ்


சரவாக், கப்பிட் பட்டணத்துக்கு மேலே
2 ஜூன்

அன்புள்ள மாமாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம். மழைக்கு எனக்கு இருமல் மட்டும். உங்கள் உடம்பு எப்படி? மரியாதைக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டும்.

உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் சத்தமாகப் படித்தேன். ராட்னிக்குத் தமிழ் தெரியாது, என் முகத்தைப் பார்த்தே சிரித்தார். நீங்கள் ஆட ஒத்துக்கொண்டதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று எழுதத் தெரியவில்லை.

ஆனால் வகுப்பு என்றதும் ஒரு பயமும் வந்தது. மாமா, உங்களுக்கும் அப்பாவுக்கு இருந்த அதே இனிப்பு நீர் வியாதி, பன்னிரண்டு வருஷமாக. அப்பாவின் செருப்பில் ஒரு ஆணி முனை கிளம்பியிருந்தது. கால் மரத்துப்போயிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகும் மூன்று வாரம் சொல்லவில்லை. நான் இங்கிருந்து நம் ஊர் ஆயர் தாவார் வந்து சேர்ந்தபோது முழங்காலுக்கு மேலே எடுத்திருந்தார்கள். நான்காம் நாள் அப்பாவே இல்லை. இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் நான் எந்தப் பிள்ளையின் செருப்பைப் பார்த்தாலும் திருப்பி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்கிறேன்.

அதனால் அகலமான சப்பாத்து போடுங்கள். தினமும் காலையில் குளித்ததும் பாதத்தின் அடியைப் பாருங்கள். குனிய முடியாது என்று சொல்வீர்கள் என்று தெரியும், இதோடு ஒரு சின்னக் கண்ணாடி அனுப்புகிறேன். தரையில் வைத்து அதன் மேல் காலைக் காட்டுங்கள். அன்றைக்கு டாக்டர் என்னிடம் சொன்னார்: "வலி இருந்தா பயப்பட வேணாம். வலி இல்லன்னா பயப்படணும்."

அம்மாவும் உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
பமேலா


புந்தோங்
22 ஜூன்

மாதா துணை.

அன்பு மருமகளுக்கு மாமன் ஆசி. உடம்பு எப்படி என்று கேட்டாய். வேலை செய்கிற கிடங்கில் என்னோடு காவல் இருக்கும் ஜாகா எல்லாம் நாற்பது வயது, மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நான் விசில் அடித்துக்கொண்டு ஏறுகிறேன். போதுமா?

கண்ணாடி உடையாமல் வந்தது. நல்ல கண்ணாடி. மீசை நன்றாகத் தெரிகிறது. காலையும் பார்க்கிறேன், தினமும்.

இப்போது முக்கியச் செய்தி. வகுப்பில் ஒரு சீனர், பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். என் ஆட்டத்தைப் பார்த்து மனம் உருகி, தன் நடனச் சப்பாத்தையே எனக்குக் கொடுத்துவிட்டார். கறுப்பு, முகம் பார்க்கலாம், நுனி கூர்மை. இத்தாலிச் சரக்கு. தரையில் அப்படியே வழுக்கிக்கொண்டு போகிறது. ஒரு நம்பர் சின்னதுதான். தோல்தானே, பழகப் பழக விட்டுக்கொடுக்கும்.

சரளா என்று ஒரு தங்கச்சி வகுப்புக்கு வருகிறாள். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவள். அங்கே தமிழ் பேச என்னை விட்டால் அவள்தான். "அண்ணே, இது உங்க காலுக்கு இறுக்கமா இல்ல?" என்று கேட்டாள். "இறுக்கமா இருந்தா வலிக்கணுமே தங்கச்சி. ஒரு துளி வலி இல்ல" என்றேன். இரண்டு மணி நேரம் ஆடினேன் பமேலா. ஒரு துளி வலி இல்லை! அறுபத்து மூன்று வயதுக்கு இது எப்படி?

அடுத்த மாதம் ஸ்விங் ஆரம்பம். குதித்து உதைத்து ஆடுவது. கல்யாணத்தில் அதையும் கொஞ்சம் கலந்துவிடுவோம்.

உன் மாமன்,
ஸ்டானிஸ்லாஸ்


13 ஜூலை

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உங்களைப் பற்றித்தான் தெரியவில்லை, இரண்டு பக்கம் எழுதியும்.

"ஒரு துளி வலி இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் இரண்டு தடவை. அப்பா அம்மாவிடம் சொன்னது அதே வார்த்தைதான். அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சப்பாத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுக்க வெட்கமாக இருந்தால் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ராட்னியின் பெரியப்பா சிபுவில் சப்பாத்து தைப்பவர். நாம் ஆடுவதற்கு உங்களுக்கு ஒரு ஜோடி அவர் கையாலேயே தைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டார். அளவு வேண்டும். தரையில் காகிதத்தை விரித்து, அதன் மேல் நின்று, பென்சிலை நேராகப் பிடித்து விரல் விரலாக வரைந்து அனுப்புங்கள். இரண்டு காலும் வேண்டும். காலுறை இல்லாமல்.

பமேலா


புந்தோங்
3 ஆகஸ்ட்

மாதா துணை.

அன்பு மருமகளுக்கு. நான் நல்ல சுகம், மிக நல்ல சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். சோறு இறங்கவில்லை என்றெல்லாம் எழுதாதே, கல்யாணப் பெண் இளைக்கக் கூடாது.

இரண்டு காலையும் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். பார், கோடு எங்கேயும் ஆடவில்லை. சிபுப் பெரியவர் இதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினாலும் மாட்டுவார்.

வகுப்பில் போன சனிக்கிழமை பெரிய தமாஷ். ஸ்விங் ஆடிக்கொண்டிருந்தோம். நான் சரளாவைச் சுழற்றி விட்டேன், பம்பரம் தோற்றது. திடீரென்று மிஸஸ் லியோங் பாட்டை நிறுத்திவிட்டார். தரையில் ஏதோ சிவப்பாக, சின்னச் சின்னதாக, தபால் முத்திரை குத்தினது போல ஒரு வரிசை. எல்லாரும் குனிந்து பார்க்கிறார்கள். ஒருத்தர் தன் சப்பாத்தைத் தூக்கிப் பார்க்கிறார், இன்னொருத்தர் கூரையைப் பார்க்கிறார். சரளா அந்த வரிசையைக் கண்ணாலேயே தொடர்ந்து வந்து என்னிடம் நின்றாள். நான் விட்டேனா? "அட, நாசி லெமாக் வாங்கப் போன எடத்துல மிளகாய்ச் சம்பாலை மிதிச்சுட்டேன் லா!" என்றேன். மொத்த வகுப்பும் சிரித்தது.

சரளா சிரிக்கவில்லை. ஈரத்துணி கொண்டுவந்து அவளே துடைத்தாள். துடைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, சப்பாத்தைக் கழட்டுங்க."

"கல்யாணமாகாத ஆம்பளைகிட்ட இப்படியெல்லாம் பேசக் கூடாது தங்கச்சி" என்றேன். அதற்கும் அவள் சிரிக்கவில்லை. சிலருக்கு நகைச்சுவை உணர்ச்சி கம்மி.

அதற்குப் பிறகு எனக்குப் பதவி உயர்வு. மிஸஸ் லியோங் என்னை உதவி ஆசிரியர் ஆக்கிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு எண்ணிக்கை சொல்கிறேன். ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று. என் குரல் அப்படி. ஆடுவதைவிட இது பெரிய பொறுப்பு.

உன் மாமன்,
ஸ்டானிஸ்லாஸ்


25 ஆகஸ்ட்

மாமா,

உங்கள் இடது காலில் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். அது எப்படி ஆனது என்று சின்ன வயதில் எனக்கு நீங்கள் ஐந்து கதை சொல்லியிருக்கிறீர்கள். ஒன்றில் புலி, ஒன்றில் துரையின் நாய், ஒன்றில் கம்யூனிஸ்ட்காரன். பன்னிரண்டு வயதில் தீட்டிய உளியைக் கால் மேல் போட்டுக்கொண்டீர்கள் என்று அம்மாதான் உண்மையைச் சொன்னார்.

நீங்கள் அனுப்பிய காகிதங்களை மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் சுண்டுவிரல் பாதி. வலது கால் என்று எழுதிய காகிதத்தின் பின்பக்கம் பென்சில் அழுந்திய தடம் இருக்கிறது. இடது காலை வரைந்து, காகிதத்தைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து மறுபடி கோடு போட்டிருக்கிறீர்கள்.

மாமா, உங்கள் வலது சுண்டுவிரல் எப்போது வெட்டுப்பட்டது?

வலது காலை ஏன் வரைய முடியவில்லை? காகிதத்தில் வைக்க முடியாதபடி வீங்கியிருக்கிறதா? வைத்தால் காகிதம் நனைகிறதா? இன்றைக்கே கிளினிக் போங்கள். இந்தக் கடிதத்தை மடித்துவிட்டு, அடுத்த வேலையாக அதைச் செய்யுங்கள். அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீங்களே சொல்ல ஒரு வாய்ப்புத் தருகிறேன். சம்பால் கதை அவரிடம் எடுபடாது.

பமேலா


புந்தோங்
14 செப்டம்பர்

மாதா துணை.

அன்பு மருமகளுக்கு. நான் சுகம். இரண்டு நாளாகக் கொஞ்சம் குளிர் காய்ச்சல், மழை அப்படி. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

காகித விஷயத்தில் நீ போலீஸ்காரி மாதிரி எழுதியிருக்கிறாய். பென்சில் வழுக்கிவிட்டது, வேறு ஒன்றும் இல்லை. வலது காலில் ஒரு சின்னக் கொப்புளம் வந்தது, மஞ்சள் அரைத்துப் போட்டேன், காய்ந்துகொண்டு வருகிறது. கிளினிக்குத் திங்கட்கிழமை போகிறேன். போன திங்கள் கூட்டமாக இருந்தது.

வகுப்பில் ஒரே அமர்க்களம். எங்கோ எலி செத்த வாடை. செவ்வாய்க்கிழமை எல்லாரும் சேர்ந்து அலமாரி, பியானோ, எல்லாவற்றையும் நகர்த்தித் தேடினோம். நான்தான் முன்னால் நின்று தேடினேன். கிடைக்கவில்லை. நான் வீட்டுக்குக் கிளம்பியதும் வாடை குறைந்ததாகச் சரளா சொன்னாள். ஜன்னலைத் திறந்திருப்பார்கள்.

நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே. ஆட்டம் ஆடியே தீருவேன். டிசம்பர் வரை தாங்கினால் போதும். அதற்கப்புறம் என்ன ஆனாலும் பார்த்துக்கொள்ளலாம்.

மாமன்


கப்பிட் பட்டணம்
28 செப்டம்பர்

மாமா,

உங்கள் கடிதம் நேற்றுதான் கையில் கிடைத்தது. படித்த உடனே படகு பிடித்துப் பட்டணத்துக்கு வந்துவிட்டேன். காலையிலிருந்து பதினான்கு தடவை உங்கள் எண்ணுக்கு அடித்தேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. கிடங்கிற்கு அடித்தேன். மூன்று வாரமாக நீங்கள் வேலைக்கு வரவில்லை என்றார்கள். மூன்று மாடி விசில் அடித்துக்கொண்டு ஏறியதும் கதைதானா?

அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். இந்நேரம் ஆயர் தாவாரிலிருந்து கிளம்பியிருப்பார். இது உங்கள் கைக்கு வருவதற்கு முன்னாலேயே அவர் வந்திருப்பார் என்று தெரிந்தும் எழுதுகிறேன். அடுத்த படகு வரை வேறு என்ன செய்வது?

டிசம்பர் வரை தாங்கினால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்குப் போதும்? அப்பா இல்லாத கல்யாணத்தில், என்னோடு ஆடியதால் நீங்களும் இல்லாமல் போவது எனக்குப் போதுமா? நான் அந்த ஆட்டத்தை ரத்து செய்கிறேன். நிகழ்ச்சி நிரலில் அது இல்லை. நீங்கள் சப்பாத்து மாட்டிக்கொண்டு வந்து நின்றாலும் நான் எழுந்து வர மாட்டேன்.

கதவைத் திறங்கள் மாமா. அம்மா தட்டும்போது திறந்துவிடுங்கள்.

பமேலா


பெரிய ஆஸ்பத்திரி, ஈப்போ
20 அக்டோபர்

பமேலாவுக்கு,

அக்கா உனக்கு ஆள் மூலம் செய்தி அனுப்பியதாகச் சொன்னாள். ஆனாலும் நான் எழுத வேண்டும்.

என் வலது சுண்டுவிரல் எப்போது வெட்டுப்பட்டது என்று கேட்டிருந்தாய். செப்டம்பர் 30, திங்கட்கிழமை காலை. அதற்குப் பக்கத்து விரலும் அப்போதே. பாதத்தின் ஓரமாகக் கொஞ்சம் சதையும் எடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் முழங்கால் என்று டாக்டர் சொன்னார். நான் கூட்டிச் சொல்லவில்லை, அக்காவைக் கேட்டுக்கொள்.

அக்கா வந்து தட்டினபோது நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை, வகுப்பு இருந்தது. திறந்தேன். வாசலிலேயே நின்று, "காலைக் காட்டு டா" என்றாள்.

"சும்மா லா அக்கா, கொப்புளம்தான்."

"என் புருசன் காலை மோந்து பாத்தவ நான். காட்டு."

காட்டினேன். அவள் திட்டவில்லை, அழவில்லை. டாக்சிக்கு ஃபோன் போட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். உன் அப்பா படுத்திருந்தபோது உன் பள்ளிக்கூடக் கோபுரம் வேலை செய்தது. உனக்கு ஃபோன் போட்டது நான். "சின்னக் காயம் பாப்பா, நீ பரீட்சை வேலையை முடிச்சுட்டு மெதுவா வா" என்று சொன்னது நான். மச்சான் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. "வரச் சொல்லு" என்றுதான் சொன்னார். என் வாயில் எது வந்தாலும் கொஞ்சம் நன்றாக இருக்கும்படித்தான் வருகிறது, அப்படித்தான் அதுவும் வந்தது. நீ வந்து சேர்ந்தபோது அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது.

நீ ஆடக் கூப்பிட்டதும், இது தெரியாமல் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன். ஆடிவிட்டால் அது தீர்ந்துபோகும் என்றும் நினைத்தேன். அதனால்தான் சப்பாத்தைக் கழட்டவில்லை. வேறு காரணம் இல்லை.

இதோடு ஒரு காகிதம் இருக்கிறது. வலது கால். நர்ஸ் திட்டினாள், ஆனாலும் கட்டுப் பிரித்த நேரத்தில் அக்கா காகிதத்தைப் பிடித்துக்கொள்ள, நானே வரைந்தேன். கோடு ஆடியிருக்கிறது. மூலையில் ஒரு கறை, அது சம்பால் அல்ல.

இந்தத் தடவை மெதுவாக வா என்று சொல்ல மாட்டேன். வர முடிந்தால் வா. முடியாவிட்டால் ஒரு வரி எழுது.

ஸ்டானிஸ்லாஸ்


8 நவம்பர்

அன்புள்ள மாமாவுக்கு,

ஆற்றில் வெள்ளம். பெரிய மரங்கள் மிதந்து வருவதால் ஒன்பது நாள் படகு ஓடவில்லை. நேற்றுதான் பட்டணம் வந்து அம்மாவோடு பேசினேன். ஆபத்து தாண்டிவிட்டது, ஆனால் காயம் இன்னும் மூடவில்லை, மூடாவிட்டால் மறுபடியும் வெட்ட வேண்டி வரலாம் என்றார். நீங்கள் அதை எனக்கு எழுதவில்லை. எழுதியிருக்கலாம்.

மாமா, அந்த ஃபோன் விஷயம் எனக்குத் தெரியும். அப்பாவை அடக்கம் செய்த அன்றே அம்மா சொல்லிவிட்டார். ஒரு வருஷம் உங்களுக்கு ஒரு வாழ்த்து அட்டைகூட நான் அனுப்பாததற்கு வேலைதான் காரணம் என்று நீங்கள் எல்லாரிடமும் சொன்னீர்களாம். வேலை காரணம் இல்லை. அப்பாவுக்குப் பேச்சு இருந்த அந்த நாட்களை எனக்கு யாரும் திருப்பித் தர முடியாது, நீங்கள் ஆடினாலும் சரி, ஆடாவிட்டாலும் சரி. நான் அதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் உங்களை ஆடக் கூப்பிட்டேன். அப்பாவுக்கு உங்களைப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மிஸஸ் லியோங்கின் எண்ணைச் சரளா ஆன்ட்டி அம்மாவிடம் கொடுத்திருந்தார். கூப்பிட்டுப் பேசினேன். உங்கள் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டேன். ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் அப்படியே எழுதுகிறேன், கோபப்படாதீர்கள்: "உன் மாமா பெண்ணை மரம் மாதிரி நிறுத்தி வைத்துவிட்டு அவரே சுற்றுவார். ஐந்து மாதம் சொல்லிப் பார்த்தேன், திருந்தவில்லை." பிறகு அவரே, "அதையே திருப்பிப் போட்டால் என்ன? அவர் நிற்கட்டும். கையை மட்டும் தூக்கிப் பிடிக்கட்டும். நீ சுற்று" என்றார்.

ஆகவே நீங்கள் மரம். நான் சுற்றி வருகிறேன். முக்கால் பாட்டு, மூன்று நிமிஷம்கூட இல்லை. உங்கள் முதல் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, மரம் நகரக் கூடாது என்று உங்கள் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் நிற்க விட்டால்தான் இது. அன்றைக்குக் காலையில் கட்டுத் துணியில் சிவப்பு தெரிந்தால் பாட்டே கிடையாது.

சிபுப் பெரியப்பா உங்கள் காகிதத்தை நெடுநேரம் பார்த்தாராம். "இது நல்ல அளவு" என்று சொல்லி வேலையை ஆரம்பித்துவிட்டார். வலதுக்குத் தனி அச்சு, உள்ளே பஞ்சு. விடுப்பு டிசம்பர் 20. நேராக உங்களிடம்தான் வருகிறேன். கண்ணாடியை எடுத்து வையுங்கள்.

பமேலா


ஆயர் தாவார், அக்கா வீடு
30 நவம்பர்

மாதா துணை.

அன்பு மருமகளுக்கு மாமன் ஆசி. சுகம் என்று எழுதப் பேனாவை எடுத்தேன், அக்கா தோள் மேல் எட்டிப் பார்க்கிறாள். அதனால் கணக்கு மாதிரி எழுதுகிறேன். சர்க்கரை காலையில் ஒன்பது, இறங்கியிருக்கிறது. காய்ச்சல் இல்லை. வாடை இல்லை, அக்கா தினமும் மோந்து பார்க்கிறாள், எனக்கே கூச்சமாக இருக்கிறது. வலது காலில் மூன்று விரல். வால்ட்ஸுக்கு எண்ணிக்கையும் மூன்றுதானே, வசதியாகப் போயிற்று.

சப்பாத்து வந்தது. மாட்டிப் பார்க்க இன்னும் அனுமதி இல்லை, பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முன்பக்கம் வாத்து மூக்கு மாதிரி அகலம். இத்தாலிச் சரக்கைச் சரளா கொண்டுபோய் அந்தச் சீனரிடமே கொடுத்துவிட்டாளாம். திருந்தவில்லை என்று மிஸஸ் லியோங் சொன்னதைப் பற்றி நான் ஒன்றும் பேசப் போவதில்லை. பொறாமை யாரைத்தான் விட்டது.

மரமாக நிற்பதைப் பழகுகிறேன். காலையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம், பிறகு பிடிக்காமல் அரை நிமிஷம். அக்கா துணி காயப்போடப் போகும்போது என்னைச் சுற்றிக்கொண்டு போகிறாள். நான் பழகட்டும் என்றுதான், வேறு எதற்கு? நிற்பது சுலபம் என்று நினைத்திருந்தேன். ஆயிரக்கணக்கான மரத்தைச் சுற்றி வந்திருக்கிறேன், ஒரு மரத்தையாவது கேட்டுப் பார்த்தேனா?

வெள்ளிக்கிழமை மறுபடியும் ஆஸ்பத்திரி. டாக்டர் பார்த்துவிட்டு, நிற்கலாமா கூடாதா என்று சொல்வார். காயம் பத்துக் காசு நாணயத்து அகலம்தான் பாக்கி, மூடிக்கொண்டு வருகிறது. அவர் கூடாது என்றால் உட்கார்ந்தபடி கையைத் தூக்குகிறேன். உட்கார்ந்த மரமும் மரம்தான்.

20ஆம் தேதி வா. கதவு திறந்திருக்கும்.

உன் மாமன்,
ஸ்டானிஸ்லாஸ்

பமேலா, அம்மா எழுதுகிறேன். காயம் பத்துக் காசு இல்லை, இருபது காசு அகலம். மற்றதெல்லாம் உண்மை. நானே அளந்து பார்த்தேன்.